தலைக்கு மேலே ஹெலிக்ஸ்: குமரி மாவட்டத்திலிருந்து ஒரு கோள் நெபுலாவைப் படம் பிடிப்பது

கோள் நெபுலா, அதாவது சாகும் நட்சத்திரம் வெளியே தள்ளிய ஒளிரும் வாயுக் கூடு, ஒன்றைப் படம் எடுக்கணும், எதில் ஆரம்பிக்கலாம் என்று யாரிடம் கேட்டாலும், லைரா நட்சத்திர மண்டலத்தில் இருக்கும் வளைய நெபுலாவைத்தான் சொல்வார்கள். எம் 57. வேகா என்ற பிரகாசமான நட்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தேடுவது சுலபம், நல்ல பிரகாசமும் உண்டு. சரிதான். ஆனால் இந்த ஆலோசனை பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உட்கார்ந்து எழுதுகிறவர்களிடமிருந்து வருவது. அவர்களுக்குச் சரியாக எட்டாத ஒன்று நமக்கு நன்றாக எட்டும் என்று அவர்கள் ஏன் யோசிக்கப்போகிறார்கள்?

நான் சொல்வது ஹெலிக்ஸ் நெபுலாவை. என்ஜிசி 7293, கும்ப மண்டலத்தில் இருக்கிறது. பூமியிலிருந்து சுமார் 650 ஒளியாண்டு தூரம். பிரகாசமான கோள் நெபுலாக்களில் நமக்கு மிக அருகில் உள்ளவற்றில் ஒன்று. வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் போகும் கோடு) ஏறத்தாழ 21 டிகிரி தெற்கே இருப்பதால், லண்டனில் இருப்பவருக்கு அது எவ்வளவு உயர்ந்தாலும் 18 டிகிரிதான். அடிவானத்துப் புகையும் ஊர் வெளிச்சமும் தாண்டித்தான் பார்க்க வேண்டும். நம் மாவட்டம் 8 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. இங்கே அது 61 டிகிரிக்கு ஏறி நிற்கும். மொட்டை மாடியில் நாற்காலி போட்டுத் தெற்கே பார்த்து உட்கார்ந்தால், தென்னை மர உச்சிக்கெல்லாம் மேலே. இவ்வளவு வசதியை வைத்துக்கொண்டு எம் 57-ஐ மட்டும் எடுத்துத் திருப்திப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அளவும் ஒரு காரணம். என்னிடம் இருப்பது 80 மி.மீ. லென்ஸ், 480 மி.மீ. குவியத் தூரம் உள்ள சின்ன டெலஸ்கோப். கேமரா பழைய கேனான் 600டி. இந்த ஜோடியில் ஒரு பிக்சல் வானத்தில் 1.85 ஆர்க்செகண்ட் பிடிக்கும் (ஒரு டிகிரிக்கு 60 ஆர்க்மினிட், ஒரு ஆர்க்மினிட்டுக்கு 60 ஆர்க்செகண்ட்). கணக்கு லேசானது: பிக்சலின் மைக்ரான் அளவை 206-ஆல் பெருக்கி, மி.மீ. குவியத் தூரத்தால் வகுத்தால் போதும். எம் 57-இன் நீளமான பக்கமே 1.4 ஆர்க்மினிட்தான், அதாவது என் படத்தில் 45 பிக்சல். பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு பச்சைப் புள்ளி, நடுவில் ஓட்டை. ஹெலிக்ஸின் பிரகாசமான வளையமோ முழுநிலவின் பாதி அகலம் இருக்கும். எனக்கு 500 பிக்சலுக்கு மேல் கிடைக்கிறது. அதற்கு வெளியே மங்கலான புகை இன்னும் விரிந்து கிடக்கிறது. பொருள் வாங்குவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. கடையில் யாரும் போட்டுத் தர மாட்டார்கள்.

இந்த நெபுலாவை உங்களில் பலர் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். 2003-இல் ஹப்பிள் தொலைநோக்கிப் படங்களையும் கிட் பீக் ஆய்வகத்தின் படங்களையும் சேர்த்து வெளியிட்ட படம் ‘கடவுளின் கண்’ என்ற பெயரில் மின்னஞ்சலில் சுற்றியது. இப்போதும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில், இதை ஏழு பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும் என்ற குறிப்போடு அவ்வப்போது வந்து நிற்கிறது. நான் எடுத்த படத்தை அதே குழுவில் போட்டபோது, நெட்டிலிருந்து எடுத்தது என்றார் சித்தி, நான் எடுத்தது என்று நம்பவே இல்லை. அது பாராட்டா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை.

அந்தப் படம் ஏன் கண்ணைப் பிடித்து நிறுத்துகிறது? உள்ளே நீலப்பச்சை, விளிம்பில் சிவப்பு. இந்த இரண்டும் தனித்தனியாக நிற்பதுதான் விஷயம் என்று நான் நினைக்கிறேன். இது கம்ப்யூட்டரில் பூசிய வண்ணம் இல்லை. நம் சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் தன் ஆயுளின் முடிவில் ஊதிப் பெருத்து, மேல் அடுக்குகளை வெளியே தள்ளிவிட்டது. நடுவில் மிஞ்சிய கரு ஒரு லட்சம் டிகிரிக்கும் மேலான சூட்டில் புற ஊதாக் கதிர்களைக் கொட்டுகிறது. அருகில் இருக்கும் வாயுவுக்கு அந்தக் கதிர் முழு வீச்சில் கிடைக்கும். அங்கே ஆக்ஸிஜன் அணு இரண்டு எலக்ட்ரானை இழந்து 500.7 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிரும். அதுதான் உள்ளே தெரியும் நீலப்பச்சை. வெளியே போகப் போகக் கதிரின் வலு குறையும். அங்கே ஹைட்ரஜன் 656.3-இலும், அதை ஒட்டி நைட்ரஜன் 658.4-இலும் சிவப்பாக ஒளிரும். ஆக, படத்தில் நீங்கள் பார்க்கும் நிறமாற்றம் நட்சத்திரத்திலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு சக்தி என்பதன் வரைபடம். இந்த இரண்டு நிறமும் ஒன்றோடொன்று கலந்து வெளிறிய ஊதாவாகிவிட்டால் படத்தின் உயிர் போய்விடும். கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே அந்தப் பிரிவைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

அந்தப் பச்சைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1864-இல் ஆங்கிலேய வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ் டிராகோ மண்டலத்திலுள்ள பூனைக்கண் நெபுலாவின் ஒளியை நிறமாலைமானியில் பிரித்துப் பார்த்தார். நட்சத்திரங்களில் தெரிவது போன்ற தொடர்ச்சியான வண்ணப்பட்டை வரவில்லை. சில பளிச்சென்ற கோடுகள் மட்டும், அதிலும் பச்சை தூக்கலாக. பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் அது பொருந்தவில்லை. ‘நெபுலியம்’ என்று புதுத் தனிமம் ஒன்றே இருப்பதாக நம்பினார்கள். 1927-இல்தான் அமெரிக்க இயற்பியலாளர் ஐரா போவென் அது சாதாரண ஆக்ஸிஜன் என்று காட்டினார். அன்றைய ஆய்வுக்கூடம் எதிலும் உண்டாக்க முடியாத அளவுக்கு வாயு அங்கே மெலிந்து கிடப்பதால்தான் அந்தக் கோடு தெரிகிறது. நெபுலா என்று நாம் பார்ப்பது கிட்டத்தட்ட வெற்றிடத்தை. படம் எடுக்க இத்தனை நேரம் ஏன் தேவைப்படுகிறது என்பதும் இதிலேயே அடங்கிவிட்டது.

சரி, வேலைக்கு வருவோம்.

நம் ஊரில் முதல் தலைவலி துருவ நட்சத்திரம். டெலஸ்கோப்பைத் தாங்கும் மவுண்டின் அச்சு வான துருவத்தைச் சரியாகப் பார்த்து நின்றால்தான் நட்சத்திரங்கள் கோடாக இழுபடாமல் புள்ளியாக வரும். துருவ நட்சத்திரத்தை வைத்துச் சரிபார்ப்பது எப்படி என்று எல்லாக் கையேடுகளிலும் எழுதியிருக்கும். இங்கே அது அடிவானத்திலிருந்து எட்டு டிகிரி சொச்சம் உயரத்தில் இருக்கிறது. வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலை. மலை இல்லாத இடத்தில் ரப்பர்த் தோட்டம், அதுவும் இல்லையென்றால் பக்கத்து வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி. குலசேகரம் பக்கம் நான் இருக்கும் இடத்திலிருந்து அதைப் பார்த்ததே இல்லை.

அதை மறந்துவிடலாம், வேறு வழி இருக்கிறது. நைனா என்ற இலவச மென்பொருளில் மூன்று புள்ளி முறை என்று ஒரு வசதி உண்டு. வானத்தின் திறந்த பகுதி எதையாவது பார்க்க வைத்து, அச்சைச் சற்றுச் சற்றுத் திருப்பி மூன்று படம் எடுத்தால், அதிலுள்ள நட்சத்திர அமைப்பைக் கொண்டு அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். லேப்டாப் இல்லாதவர்கள் பழைய நகர்வு முறையில் செய்யலாம். தெற்கே, தலைக்கு மேலாக வடக்கு தெற்காகப் போகும் உச்சிக்கோட்டருகில், வான நடுக்கோட்டை ஒட்டிய ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அது வடக்காகவோ தெற்காகவோ நகர்ந்தால் மவுண்டின் கிழக்கு மேற்குத் திசை சரியில்லை. அப்புறம் கிழக்கே தாழ்வாக இருக்கும் ஒரு நட்சத்திரத்தை வைத்து உயரக் கோணத்தைச் சரிசெய்ய வேண்டும். பொறுமை வேணும், ஆனால் காசு செலவில்லை.

இன்னொரு சிக்கலை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நமக்கு மவுண்டின் அச்சு எட்டு டிகிரி கோணத்தில் நிற்க வேண்டும், ஆனால் பல மவுண்ட்கள் 10, 15 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்காகச் செய்யப்பட்டவையே அல்ல. இறங்கினாலும் எதிர் எடைத் தண்டு கிட்டத்தட்ட நேராகத் தொங்கி, முக்காலியின் வடக்குக் காலில் போய் இடிக்கும். முக்காலியைத் திருப்பி, ஒற்றைக் கால் தெற்கே வரும்படியும் மற்ற இரண்டும் வடகிழக்கிலும் வடமேற்கிலும் நிற்கும்படியும் வைத்தால் தண்டு நடுவில் தாராளமாகப் போய்வரும். கோணம் இன்னும் குறைய வேண்டும் என்றால் தெற்குக் காலைக் கொஞ்சம் நீட்டி உயர்த்தலாம். உயர்த்தினால் மொத்த எடையும் வடக்கே சாயும், அதனால் தெற்குக் காலில் ஒரு சாக்கு மணலைக் கட்டித் தொங்கவிடுங்கள். வாங்கும்போதே 0 அல்லது 5 டிகிரி வரை இறங்குமா என்று கேட்டு வாங்கினால் இந்த வித்தையெல்லாம் தேவைப்படாது.

அடுத்தது மழை. செப்டம்பர் தொடக்கத்தில் ஹெலிக்ஸ் நள்ளிரவில் உச்சிக்கு வரும். அக்டோபர் நடுவில் இரவு ஒன்பதேகாலுக்கு, நவம்பர் நடுவில் ஏழேகாலுக்கு. பார்த்தால் மொத்தப் பருவமும் நம் இரண்டு மழைக்காலங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. தென்மேற்குப் பருவமழை ஓய்கிற நேரம், பிறகு துலா மழை என்கிற வடகிழக்குப் பருவமழை. கல்குளம், விளவங்கோடு பக்கம் மலையோரத்தில் இருப்பவர்களுக்கு மதியத்துக்கு மேல் மேகம் கூடுவது வழக்கம். கிழக்கே தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் மழை குறைவு, திறந்த இரவுகள் அதிகம் கிடைக்கும். ஆனால் கணவாய்க் காற்று சும்மா விடாது. அந்தக் காற்றுக்காகத்தானே முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள்! காற்று அடிக்கும் மாதங்களில் டெலஸ்கோப் நடுங்கி எல்லா நட்சத்திரமும் முட்டையாகும். அக்டோபருக்கு மேல் அடங்கும். அங்கே போனால் சுவர் மறைவாக இடம் பிடியுங்கள், காற்றாலை உச்சியில் மினுக்கும் சிவப்பு விளக்குகள் நேராக லென்ஸில் படாதபடி பாருங்கள்.

கடற்கரையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தெற்கே கடல், இருட்டாக இருக்கும் என்று தோன்றும். முட்டம் கலங்கரை விளக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், கடலில் விசைப்படகுகளின் வெளிச்சம். இரண்டையும் பொறுத்துக்கொண்டாலும் உப்புக் காற்று லென்ஸில் படலமாக ஒட்டிக்கொள்ளும், இரும்புத் திருகெல்லாம் துருப்பிடிக்கும். ஹெலிக்ஸ் 61 டிகிரி உயரத்தில் நிற்கும்போது கடல் அடிவானம் எதற்கு? உள்நாட்டில் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, மரங்களுக்கு நடுவே ஒரு திறந்த வெளி போதும்.

ஈரப்பதம் மட்டும் எங்கே போனாலும் கூடவே வரும். இரவு பத்து மணிக்கே லென்ஸில் பனி பூத்துவிடும். பவர் பேங்கில் ஓடும் வெப்பப் பட்டி ஒன்றை லென்ஸைச் சுற்றிக் கட்டுவது கட்டாயம். அதைவிட முக்கியம், வீட்டில் வைக்கும் முறை. அழகான தோல்பெட்டியில் வைத்து அலமாரிக்குள் பூட்டினால் ஒரே மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை வந்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி ஒன்று. 40 முதல் 50 சதவீதத்துக்குள் நின்றால் போதும். ஜெல்லை அவ்வப்போது இரும்புச் சட்டியில் வறுத்துத் திரும்பவும் பயன்படுத்தலாம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் வெட்ட வரும் மாமா ஒருவர், விடியற்காலையில் தலையில் விளக்கோடு வருவார். அவர் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் ஒரு படம் போச்சு. ஒரு நாள் அருகில் வந்து நின்றார். “மக்கா, உறக்கம் இல்லியா? ஒரு போட்டோவுக்கு ராத்திரி முழுக்க வேணுமாக்கும்?” என்றார். அவருடைய சிரட்டையைக் காட்டினேன். பால் சொட்டுச் சொட்டாகத்தானே விழுகிறது, ஒரு சொட்டை வைத்து ஷீட் அடிக்க முடியுமா மாமா என்று கேட்டேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை, விளக்கை மட்டும் அணைக்காமல் போனார்.

அந்தச் சொட்டு ஒவ்வொன்றும் எனக்கு 180 நொடி எக்ஸ்போஷர். ஐஎஸ்ஓ 800. பின் தொடர்வதற்கு ஒரு சின்ன வழிகாட்டி டெலஸ்கோப். படங்களை மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது, படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலப்படிதான் குறையும். அதாவது நான்கு மடங்கு படம் சேர்த்தால்தான் இரைச்சல் பாதியாகும். ஹெலிக்ஸின் மொத்தப் பிரகாச எண் 7.6 (எண் சிறிதானால் பிரகாசம் கூடுதல்) என்று புத்தகத்தில் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அந்த ஒளி பெரிய பரப்பில் பரவிக் கிடப்பதால் மேற்பரப்பு மிக மங்கல். சின்ன டெலஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்தால் பல இரவுகளில் தெரியவே தெரியாது. ஐந்தாறு மணி நேரப் படமாவது சேர வேண்டும். நம் மழை வானத்தில் அது ஒரே இரவில் கிடைக்காது. இன்றைக்கு ஒரு மணி நேரம், பத்து நாள் கழித்து முக்கால் மணி நேரம், மீதி அடுத்த வருஷம் என்று சேர்க்கலாம், எதுவும் கெட்டுப்போகாது. பழைய படத்தை மென்பொருளில் காட்டினால் அதே கோணத்தில் கேமராவை நிறுத்த வழிகாட்டும்.

சூடும் ஒரு எதிரி. கேமரா சென்ஸாரின் வெப்ப இரைச்சல் தோராயமாக ஆறு டிகிரிக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். நம் ஊரில் நடு இரவிலும் 25, 26 டிகிரி. ஊட்டியில் எடுப்பவரைவிட நமக்கு இரைச்சல் பல மடங்கு. அதனால் லென்ஸ் மூடியைப் போட்டு அதே நேர அளவில், அதே இரவில் சில ‘டார்க்’ படங்கள் எடுப்பதை விடக் கூடாது. ஒவ்வொரு சில படத்துக்கும் கேமராவைச் சில பிக்சல் நகர்த்தும் ‘டிதரிங்’ அதைவிட முக்கியம். செய்யாவிட்டால் சிவப்பும் பச்சையுமாகக் கோடுகள் ஓடி, மங்கலான விளிம்பை மூடிவிடும். விடிந்ததும் வெள்ளை வேட்டியை இரண்டு மடிப்பாக லென்ஸில் போர்த்தி, வெளுத்த வானத்தைப் பார்த்து, படத்தின் ஓர இருட்டையும் தூசிக் கறையையும் பிறகு சரிசெய்ய உதவும் ‘ஃபிளாட்’ படங்களை எடுத்துவிடுங்கள்.

இப்போது நிறத்துக்கு. கடையில் வாங்கும் கேமராவின் சென்ஸார்முன் இருக்கும் கண்ணாடி, ஹைட்ரஜனின் சிவப்பில் பெரும் பகுதியை நிறுத்திவிடும். ஆக்ஸிஜனின் பச்சையை விட்டுவிடும். எனவே மாற்றாத கேமராவில் ஹெலிக்ஸ் பச்சையாக, விளிம்பு மெலிந்து வரும். அந்தக் கண்ணாடியை மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். மாற்ற மனமில்லையென்றால் பச்சைக்குள் இருக்கும் நுணுக்கத்தை நம்பிப் படம் எடுங்கள், அதுவும் அழகுதான். மாற்றியவர்கள் ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் இரண்டை மட்டும் விடும் இரட்டைக் குறும்பட்டை ஃபில்டர் போட்டால் ஊர் வெளிச்சம் பெருமளவு நின்றுவிடும். சோடியம் விளக்குக் காலத்து ‘சிட்டி லைட்’ ஃபில்டர்களை இப்போது வாங்காதீர்கள். தெருவெல்லாம் வெள்ளை எல்இடி ஆனபிறகு அவை பெரிதாக எதையும் தடுப்பதில்லை. (மழைக்காலத்தில் கரண்ட் போனால் மாவட்டமே சலித்துக்கொள்ளும், நான் மட்டும் மாடிக்கு ஓடுவேன்.) நிலா இருக்கும் இரவில் ஹைட்ரஜன் ஓரளவு பரவாயில்லை, ஆக்ஸிஜன்தான் கெடும். உள் வண்ணம் வேண்டும் என்றால் நிலா இறங்கும் வரை காத்திருங்கள்.

அடுக்குவதற்கு சிரில் மென்பொருள் இலவசம், நன்றாகவும் இருக்கிறது. அதில் ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் தனித்தனிப் படமாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிரிப்ட் உண்டு. ஹைட்ரஜனைச் சிவப்பிலும், ஆக்ஸிஜனைப் பச்சை நீலம் இரண்டிலும் வைத்துச் சேர்த்தால் நாம் தேடிய பிரிவு தானாக வரும். இரண்டையும் தனித்தனியாகப் பிரகாசப்படுத்துங்கள். ஆக்ஸிஜனைச் சற்று அதிகம் இழுத்தால் உட்பகுதி நிறையும். ஹைட்ரஜனை இழுக்கும்போது விளிம்பு வெந்து வெளுக்காமல் நிறுத்துங்கள். ‘பச்சை இரைச்சலை நீக்கு’ என்ற பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கக் கூடாது. மற்ற நெபுலாக்களில் அது பயன்படும், இதில் பச்சையே செய்தி. அமுக்கினால் நீலப்பச்சை வெறும் நீலமாகிப் பொய் சொல்லும்.

நடுவிலுள்ள நட்சத்திரத்தைத் தொலைத்துவிடாதீர்கள். நட்சத்திரங்களைச் சிறிதாக்கும் கருவிகள் அதையும் சேர்த்து அழித்துவிடும். அந்தச் சின்ன நீலப் புள்ளிதான் இத்தனைக்கும் காரணம். அது இல்லாத ஹெலிக்ஸ் எனக்குப் பிடிப்பதில்லை. வளையத்தின் உள்விளிம்பில் ஆயிரக்கணக்கான வாயு முடிச்சுகள் இருப்பதை ஹப்பிள் காட்டியிருக்கிறது. ஒவ்வொன்றின் தலையும் நம் சூரிய மண்டலத்தைவிடப் பெரிது, வால் நடு நட்சத்திரத்துக்கு எதிர்ப்பக்கம் நீளும். 80 மி.மீ. லென்ஸில் அவை தனித்தனியாகப் பிரியாது. ஆனால் நல்ல குவியமும் போதுமான நேரமும் சேர்ந்தால், அந்த விளிம்பு வழவழப்பாக இல்லாமல் நடுவிலிருந்து வெளியே இழுத்த மெல்லிய கீற்றுகளோடு தெரியும். கூர்மைப்படுத்தும் கருவியை அங்கே அளவோடு வையுங்கள். அதிகம் போனால் வானத்தில் இல்லாத கீற்றையும் அது வரைந்துவிடும்.

ஜனவரி முதல் வாரம் வரை ஹெலிக்ஸை விட வேண்டியதில்லை. இருட்டியதும் மேற்கே சுமார் 30 டிகிரி உயரத்தில் இருக்கும், ஒரு மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும். மழையும் அப்போது விட்டிருக்கும். ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கும் காலம் என்பதால், தோட்டத்து நடுவிலும் வானம் திறக்கும். அதற்குப் பிறகு என்ஜிசி 3132 இருக்கிறது. 2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் வெளியிட்ட முதல் படங்களில் வந்த தெற்கு வளைய நெபுலா. வான நடுக்கோட்டுக்கு 40 டிகிரி தெற்கே, நமக்கு 41 டிகிரி உயரத்தில் வரும். லண்டனில் உதிக்கவே உதிக்காது. ஆனால் எம் 57 அளவுக்குச் சின்னது, என் 480 மி.மீ. அதற்குப் பற்றாது. ஆயிரம் மி.மீ.க்கு மேல் குவியத் தூரம் உள்ள பிரதிபலிப்பு டெலஸ்கோப் யாரிடமாவது இருந்தால், பிப்ரவரி, மார்ச் இரவுகளில் அதைத் தெற்கே திருப்பிப் பாருங்கள். அது சின்னதாக இருந்தாலும் பளிச்சென்று இருப்பதால் 180 நொடி வேண்டாம், 30 நொடிப் படங்களே போதும்.